முருங்கைக்கீரை மலையேறிய கதை

வியாழன் இரவு, நீலகிரி எக்ஸ்பிரஸ்

மலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் அன்று ஸ்வெட்டரைத் தேடுவார்கள். நான் இன்று சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் மலையக்காவால் வந்தது.

மலையக்கா எங்கள் சென்னை மாடித்தோட்டக் கூட்டத்தில் பத்து வருடம் இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குன்னூர் பக்கம் தன் சொந்த ஊருக்கே போய்விட்டார். "ஸ்வீட் பாக்ஸெல்லாம் தூக்கிட்டு வந்து நிக்காதீங்க. முருங்கைக்கீரை கொண்டாங்க. வாழை இலை இருந்தா அதையும் கொண்டாங்க" என்று போனில் உத்தரவு. முருங்கைக்காய் அங்கே சந்தைக்கு வந்துவிடுமாம். கீரைதான் மேலே போய்ச் சேர்வதற்குள் பழுத்து உதிர்ந்துவிடும். சரி, வீட்டிலேயே வளர்க்கலாமே என்றால், ஜனவரி உறைபனி ஒரு ராத்திரி விழுந்தால் போதும், மரம் கருகிவிடும்.

என் மாடியில் நீல டிரம்மில் ஒரு பி.கே.எம்.1 ரக முருங்கை நிற்கிறது. கீரையைக் கொண்டுபோவதற்கு ஒரு முறை உண்டு. உருவக் கூடாது. காம்போடு, கிளையோடு ஒடித்து, வெட்டிய நுனியில் ஈரத்துணி சுற்றி, மொத்தத்தையும் பழைய பருத்திப் புடவையில் தளர்வாகச் சுருட்ட வேண்டும். கட்டிப்போட்டால் வெந்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் காலையில் திறக்கும்போது மஞ்சள் கொட்டும். என் கைப்பை, துணிப்பை இரண்டையும் காலடியில் தள்ளிவிட்டு, கீரை மூட்டையை மட்டும் மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். எதிர் இருக்கைப் பெரியவர் இரண்டு முறை பார்த்துவிட்டார். கைக்குழந்தை என்று நினைத்திருப்பார்.

நாங்கள் நான்கு பேர். டீச்சர், பள்ளியில் தாவரவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர், எந்தப் பையைத் திறந்தாலும் ஒரு விதைப் பொட்டலம் விழும். தம்பி, கணினி வேலை, கூட்டத்தில் புதியவன், இதுவரை வளர்த்ததில் உயிரோடு இருப்பது ஒரு கற்பூரவல்லி. அப்புறம் நான்.

கிளம்புவதற்கு முன்பே ஒரு சண்டை. ஆடி பிறந்து சில நாள்தான் ஆகிறது. "ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்லியிருக்கிறான். நாம என்னடான்னா பையைத் தூக்கிட்டு ஊர் சுத்தப் போறோம்" என்று அண்ணாச்சி புலம்பினார். திங்கட்கிழமை காலை ரயிலிலிருந்து இறங்கி நேரே மாடிக்குப் போய் விதைத்துவிடுவது என்று ஒப்பந்தம் போட்டுத்தான் அவரை வண்டி ஏற்றினோம்.

சாப்பாடு எல்லாம் வீட்டிலிருந்துதான். டீச்சர் இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி அடுக்கியிருந்தார். நான் புளியோதரை. புளிக்காய்ச்சலை நேற்றே செய்து வைத்துவிட்டேன். சோற்றை உதிரியாக வடித்து, தட்டில் கொட்டி, எண்ணெய் ஊற்றி நன்றாக ஆறவிட்டபின்தான் காய்ச்சலைப் போட்டுப் பிசைய வேண்டும். சூட்டோடு பிசைந்தால் குழைந்தும் போகும், ராத்திரிக்குள் ஊசியும் போகும். வாழை இலையை அனலில் வாட்டிப் பொட்டலம் கட்டினேன். அந்த இலை அண்ணாச்சி வீட்டு வாழையில் அறுத்தது. அரக்கோணம் தாண்டுவதற்குள் நான்கு பொட்டலமும் காலி. வாட்டின இலை வாசம் பெட்டி முழுக்க.

வெள்ளி, மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே

விடியும்போது ஜன்னலுக்கு வெளியே மலை நின்றது, பாதி உடம்பு மேகத்துக்குள். கீரை மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கொத்து மட்டும் வாடியிருந்தது. மற்றதெல்லாம் பச்சை.

மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அது எப்போதும் கிடைக்காததுதான். ஆனாலும் பிளாட்பாரத்தில் நின்று அது கிளம்புவதைப் பார்த்துவிட்டே வந்தோம். நீராவி இன்ஜின் வண்டிக்கு முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. இழுக்காமல் தள்ளிக்கொண்டு போகும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை வரும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கம். இதைப் பார்க்கும்போது தம்பியின் வாய் திறந்தது, பேருந்து நிலையம் வரும்வரை மூடவில்லை.

அரசுப் பேருந்தில் ஏறினோம். சொந்தக் காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இதுதான் நடைமுறை. பேருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் நீலகிரிக்குள் கூடாது. எங்களிடம் எவர்சில்வர் பாட்டில்தான். தம்பி மட்டும் ரயிலில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டிலைப் பையில் மறைத்து வைத்திருந்தான். டீச்சர் பார்த்த பார்வையில் அதை மேட்டுப்பாளையத்திலேயே குடித்து முடித்து, அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டான். வயிறு குலுங்கக் குலுங்க 14 கொண்டை ஊசி வளைவு ஏறினான். அது அவன் செய்த வினை.

கல்லாறு பக்கம் இரண்டு புறமும் பாக்குத் தோப்பு. பர்லியாரில் வண்டி நின்றது. 1871-லிருந்து இருக்கிற அரசு தோட்டக்கலைப் பண்ணை இங்கேதான். மலைக்கும் சமவெளிக்கும் நடுவில், அதிகக் குளிரும் இல்லாமல் அதிக வெயிலும் இல்லாமல் ஓர் இடம். மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய் எல்லாம் இந்த ஈரத்துக்குத்தான் வருகின்றன. ரோட்டோரக் கூடையில் மங்குஸ்தான் குவிந்திருந்தது. டீச்சர் ஒரு பழத்தைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். சின்னப் பூவை அச்சடித்தது போல ஒரு குறி. "இதுல எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. எண்ணிக்கோ." ஆறு இதழ். இரண்டு கையாலும் அழுத்தி உடைத்தோம், ஆறு சுளை. அடுத்தது ஐந்து, அதுவும் ஐந்து. அதற்குப் பிறகு ருசியைவிட எண்ணுவதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். தோல் சாறு பட்டால் கறை போகாது என்று டீச்சர் சொல்வதற்குள் தம்பியின் வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டது. அண்ணாச்சி கொட்டைகளைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, இது காய்க்க ஏழெட்டு வருஷத்துக்கு மேல ஆகும், அதுவும் நம்ம வெயில்ல..." என்றேன். "ஆகட்டும், நான் எங்க போகப்போறேன்" என்றார்.

குன்னூரில் இறங்கியதும் சாரல். மலையக்கா குடையோடு நின்றார். முதலில் கையை நீட்டியது எங்களிடம் இல்லை, மூட்டையிடம்.

வீட்டுக்குப் போகிற வழியில் சிம்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம். 1874-இல் தொடங்கியது. சென்னை அரசாங்கத்தில் செயலராக இருந்த ஜே.டி. சிம்ஸும் மேஜர் முர்ரேயும் சேர்ந்து போட்டது. சமப்படுத்திய தரையில் வைத்த பூங்கா இல்லை இது. பள்ளத்தாக்கு எப்படிச் சரிந்ததோ அப்படியே விட்டு, 12 ஹெக்டேரில் மரங்களை வளர்த்திருக்கிறார்கள். இறங்கும்போது சுகம், ஏறும்போது முழங்கால் கணக்குக் கேட்கிறது. ருத்திராட்ச மரத்தடியில் அண்ணாச்சி குனிந்துகொண்டே நடந்தார். ஒன்று கிடைத்தது, நீலத் தோல் பாதி அழுகி, உள்ளே சுருக்கம் சுருக்கமாகக் கொட்டை. அதுவும் சட்டைப்பைக்குப் போக இருந்தது. பூங்காக் காவலர் தூரத்திலிருந்தே தொண்டையைச் செருமினார். பழம் மறுபடி புல்லுக்கே போனது.

மலையக்காவின் ஊர் கோத்தகிரி சாலையில் உள்ளே தள்ளி இருக்கிற, நீலகிரியில் வாழும் படுகர்களின் ஒரு ஹட்டி. ஹட்டி என்றால் அவர்கள் பேச்சில் ஊர். வரிசையாக வீடுகள், கீழே தேயிலை, வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம். வாசலில் அவருடைய அம்மா, எங்களுக்குப் பெரியம்மா. எழுபத்தைந்து வயதிருக்கும். தலையில் வெள்ளைத் துணி, தோளைச் சுற்றி வெள்ளைத் துண்டு. எங்களை உட்காரச் சொல்லி டீயும் வர்க்கியும் வந்தது. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நான் ஆரம்பித்தேன். "அது எதுக்கு கண்ணு, டீல முக்கித் தின்னு" என்றார் பெரியம்மா.

ராத்திரி அடுப்படியில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து கீரை உருவினோம். வெளியே மழை சத்தம், உள்ளே விறகு அனல். முருங்கைக்கீரை உருவுவது தனியாகச் செய்தால் தண்டனை, கூட்டமாகச் செய்தால் பேச்சு. யார் வீட்டு மாடியில் எலி வந்தது, யார் வீட்டுக்காரர் செடிகளுக்கு மாதம் இருமுறை மட்டும் தண்ணீர் ஊற்றுகிறார், எல்லாம் வந்தது. இது குழம்புக்கா பொரியலுக்கா என்று கேட்டதற்குப் பெரியம்மா ராகி மாவு டப்பாவை எடுத்துவந்து நடுவில் வைத்தார். அவ்வளவுதான், பேச்சே இல்லை. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கைநிறையக் கீரை, உப்பு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வாழை இலையில் தட்டி, கல்லில் கவிழ்த்து, இலையை உரித்தெடுத்தார் டீச்சர். கீரை எங்கள் மாடியிலிருந்து, ராகி மலையிலிருந்து. அடை மொறுமொறுவென்று ஆகும்வரை பெரியம்மா கல்லைவிட்டுக் கண் எடுக்கவில்லை. நான்கு சாப்பிட்டார். அதற்கப்புறம் மீதிக் கீரையைத் தன் தலைமாட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதாக மலையக்கா கேலி செய்தார். உண்மையாகவும் இருக்கலாம்.

சனி, ஊட்டி

மேலே ஏறும் ரயில்தான் கிடைக்கவில்லை, குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்குமாவது போவோம் என்று காலையில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினோம். இந்தப் பகுதிக்கு டீசல் இன்ஜின். கேத்தி வந்ததும் பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். ஜன்னலோரம் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் கேரட் என்பது ஒரு ரணம். போன கார்த்திகையில் ஆறு பேர் விதைத்தோம், ஆறு பேருக்கும் இரண்டு கால், மூன்று கால் முளைத்த கேரட்தான் வந்தது. என்னுடையது ஒன்று பரதநாட்டியமே ஆடியது. நாற்று விட்டுப் பிடுங்கி நட்டது முதல் தப்பு. கேரட்டை விதைத்த இடத்தைவிட்டு அசைக்கவே கூடாது. மண்ணில் ஒரு சின்னக் கல் இடறினாலும் வேர் அங்கேயே பிரிந்துவிடும். இங்கே மண்ணைப் பாருங்கள், சலித்து வைத்த காப்பித்தூள் மாதிரி இருக்கிறது.

தாவரவியல் பூங்காவைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள். 22 ஹெக்டேர், இரண்டு கோடி ஆண்டு பழைய கல்மரம், இத்தாலியப் பாணியில் அமைத்த தோட்டம், எல்லாம் பார்த்தோம். எனக்குப் பிடித்த செய்தி வேறு. 1848-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் வந்து இதைப் பூங்காவாக அமைப்பதற்கு முன்னால், இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் நடத்தியிருக்கிறார்கள். நியாயமான விலைக்குக் காய் வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆக, இத்தனை பெரிய பூங்காவின் தொடக்கமும் எங்களை மாதிரி ஒரு கூட்டம்தான் என்று அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். நம் கூட்டத்தில் சந்தா ஒழுங்காக யாரும் தருவதில்லை என்று டீச்சர் அதைக் கீழே இறக்கினார்.

ஜூலையில் வந்தால் மலர்க் கண்காட்சி கூட்டமும் இல்லை, பூவும் அதிகம் இல்லை. செப்டம்பரில் தொடங்கும் இரண்டாவது சீசனுக்கு நாற்று நடும் வேலை நடக்கிறது. எங்களைப் போன்றவர்கள் வரவேண்டியது இந்தச் சமயத்தில்தான் என்பேன். பூத்ததைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ள முடியும்? ஒரு தொழிலாளி அம்மா நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பென்சில் கனத்தில் ஒரு குச்சி. நாற்றின் பக்கத்தில் அதைக் குத்தி மண்ணோடு நெம்புகிறார். நாற்றைத் தண்டில் பிடிக்கவில்லை, இலையில் பிடிக்கிறார். ஏன் என்று கேட்டேன். "இலை போனா வேற இலை வரும். தண்டு நசுங்குனா நாத்தே போச்சு." இத்தனை வருடம் நான் கத்திரி நாற்றைக் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்கியிருக்கிறேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கூரையுள்ள ஓர் இடத்தில் ஒதுங்கி டிபன் கேரியரைத் திறந்தோம். காலையில் நான்தான் பழக்கதோஷத்தில் தயிர்சாதம் கிளறியிருந்தேன். பால் ஊற்றி, புளிக்காமல், கடுகு தாளித்து, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் விரல் விறைக்கிற குளிரில், நனைந்த செருப்போடு, ஐஸ் மாதிரி தயிர்சாதம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். பேருந்து நிலையத்துப் பக்கம் சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுதான் உயிர் வந்தது. வேறு எங்கும் போகாமல் பேருந்து பிடித்துத் திரும்பிவிட்டோம்.

ஞாயிறு, பின்கட்டுத் தோட்டம்

விடிகாலை ஐந்தரைக்கு மலையக்கா எல்லோரையும் தட்டி எழுப்பினார். "சத்தம் போடாம ஜன்னல்கிட்ட வாங்க."

தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம், தேயிலைக்குள் ஒரு காட்டெருமை. பனியில் முதலில் தெரிந்தது நான்கு வெள்ளைக் காலுறைகள்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும் அத்தனை வெள்ளை. அதற்கு மேலே கறுப்பாக ஒரு சுவர். வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரைக்கும் போகும் என்று டீச்சர் என் காதில் சொன்னார். அது மெதுவாக வேலி ஓரம் வந்து, கழுத்தை நீட்டி, பீன்ஸ் கொடியை ஒரு இழுப்பு இழுத்தது. குச்சியோடு வந்தது. நின்று நிதானமாக மென்றது. பெரியம்மா எங்களுக்குப் பின்னால் நின்று படுகு மொழியில் அதை என்னவோ திட்டினார், பேரனைத் திட்டுவது போல. "விரட்ட மாட்டீங்களா?" என்றான் தம்பி. "அது பாட்டுக்குப் போயிடும். நாம போய் நின்னாத்தான் வம்பு." ஏழு மணி வரைக்கும் அது போகவில்லை. அதுவரை யாரும் பின்வாசலைத் திறக்கவும் இல்லை.

அப்புறம்தான் வேலை. மார்ச் கடைசியில் நட்ட உருளைக்கிழங்கு தோண்டத் தயாராக இருந்தது. பத்து நாளுக்கு முன்பே செடியை அடியோடு அறுத்துவிட்டிருந்தார்கள். அப்படி அறுத்துவிட்டால் மண்ணுக்குள்ளேயே கிழங்கின் தோல் இறுகிக்கொள்ளும். பெரியம்மா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். தோல் உரிந்தால் இன்னும் நாள் வேண்டும், உரியாவிட்டால் தோண்டலாம். உரியவில்லை. இந்த மழை மூட்டத்தில் விட்டுவைத்தாலும் ஆபத்து, கருகல் நோய் வந்துவிட்டால் ஒரு வாரத்தில் பாத்தி முழுக்கக் கறுத்துவிடும்.

பெரியம்மா கொத்தைச் செடியின் தூரிலிருந்து தள்ளிப் போட்டு, நெம்பி, கையை உள்ளே விடுகிறார். மண் ஜில்லென்று இருக்கிறது. விரலால் துழாவும்போது கல்லுக்கும் கிழங்குக்கும் வித்தியாசம் உடனே தெரிகிறது. கிழங்கு வழுக்கும். ஒரு தூருக்கு எட்டு, பத்து. முட்டையிடும் இடத்தில் கை விட்ட மாதிரி ஒரு குஷி. நாங்கள் எல்லோரும் குழந்தைகளாகிவிட்டோம். தம்பி மட்டும் தூரிலேயே கொத்தைப் போட்டு முதல் ஐந்து நிமிடத்தில் ஏழு கிழங்கை இரண்டாக்கினான். வெட்டுப்பட்டதெல்லாம் தனிக்கூடை, அன்றைக்கே சமையலுக்கு. மண்ணுக்கு வெளியே தலைகாட்டிப் பச்சையாகிப்போனதும் தனி. அதைச் சாப்பிடக் கூடாது.

வேலி ஓரம் ஹைட்ரேஞ்சியா, ஒவ்வொரு கொத்தும் தலையணை அளவு, நல்ல நீலம். போன முறை சென்னைக்குக் கொண்டுபோன ஒன்று, சாவதற்கு முன் பூத்த ஒரே பூவை வெளிறிய ரோஸ் நிறத்தில் பூத்துவிட்டுச் செத்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். டீச்சர் சிரித்தார். செடி அதே செடிதான், மண்தான் வேறு. இங்கே கொட்டுகிற மழையில் சுண்ணாம்புச் சத்து கரைந்து ஓடிவிடுகிறது, மண் புளிப்பேறிக் கிடக்கிறது. அந்தப் புளிப்பு மண்ணில்தான் செடியால் அலுமினியத்தை எடுத்துக்கொள்ள முடியும், நீலம் வரும். நம் போர்த்தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக ஊற்ற ஊற்ற அது வெளுத்துப் போகிறது. பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கைப்பழக்கம். கோஸ் பாத்திக்கு மட்டும் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுகிறார், புளிப்பு மண்ணில் கோஸின் வேர் வீங்கிப் போய்விடும் என்று. ஹைட்ரேஞ்சியா பக்கம் சாம்பல் போகவே கூடாது. "நெறம் கெட்டுரும்."

மலையக்கா ஹைட்ரேஞ்சியாக் குச்சி நறுக்கித் தருவதற்குக் கத்திரியோடு வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். எல்லோருக்கும் ஆச்சரியம். இதுவரை மலையிலிருந்து நான் கொண்டுபோய்க் கொன்றதைக் கணக்கெடுத்தால், ஸ்ட்ராபெர்ரி நான்கு, ஜெரேனியம் இரண்டு, ஃபூசியா ஒன்று, அந்த ஹைட்ரேஞ்சியா ஒன்று. எல்லாம் சித்திரையில் போய்ச் சேர்ந்தன. ரோட்டோர நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கிப் போகும் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். அது செடிமேல் உள்ள பிரியம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

சமையலறைப் பக்கம் பந்தலில் மேரக்காய் தொங்கியது. சென்னையில் சௌசௌ என்போம், இங்கே மேரக்காய். கீழே விழுந்து கிடந்த ஒன்று, அகலமான நுனி பிளந்து, அதிலிருந்து பச்சையாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இதற்குத் தனியாக விதை எடுக்க முடியாது. காய்க்குள்ளே ஒரே விதை, அது காய்க்குள்ளேயே முளைத்துவிடும். முழுக் காயையும் சாய்த்து, பாதி புதைத்துவிட வேண்டியதுதான். "இத எடுத்துட்டுப் போ" என்று பெரியம்மா அதை என் கையில் வைத்தார். வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னேன்? வாய் வரவில்லை.

மத்தியானச் சாப்பாடு ராகிக் களியும் அவரெ உதக்கவும். உதக்க என்றால் குழம்பு. காய்ந்த அவரைக்கொட்டையை ராத்திரியே ஊறப்போட்டு, தம்பி வெட்டிய கிழங்குகளையும் போட்டு, அவர்கள் வீட்டிலேயே இடித்த மசாலாவில் கொதித்தது. களியை மெல்லக் கூடாது, கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். அண்ணாச்சிக்கு அது கைவந்த கலை. மேரக்காய் பொரியலுக்குத் தோல் சீவும் வேலை என்னுடையது. அதன் பால் கையில் பட்டுக் காய்ந்தால் விரல் தோல் இழுத்துப் பிடித்து, பிசின் பூசியது போல ஆகிவிடும். தண்ணீருக்குள் வைத்துச் சீவ வேண்டும் என்று முக்கால்வாசி முடிந்தபின் சொன்னார்கள்.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். பேருந்து இறங்க இறங்க, பர்லியார் தாண்டியதும் ஸ்வெட்டர் கழன்றது. மேட்டுப்பாளையத்தில் விசிறி தேடினோம். பைகள் வரும்போது இருந்ததைவிட கனம், ஆளுக்கு மூன்று கிலோ உருளைக்கிழங்கு. இரவுச் சாப்பாட்டுக்குப் பெரியம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தை ரயிலில் பிரித்தோம். சுட்ட சின்னக் கிழங்குகளும் உப்பு மிளகாய்த்தூளும். வாழை இலையில் கட்டியிருந்தார். நாங்கள் கொண்டுபோன இலைதான்.

திங்கள் காலை, மொட்டைமாடி

குளிக்கக்கூட இல்லை. அண்ணாச்சி ஆறரைக்கே போன் செய்துவிட்டார், "போட்டாச்சா?" என்று. வெண்டை, கொத்தவரை, ஒரு தொட்டியில் அவரை போட்டேன். கத்திரிக்கு நாற்றுத் தட்டு தயார். மூன்று நாள் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எடுத்துக்கொண்ட என் வீட்டுக்காரர் புதினாவை மட்டும் காப்பாற்றவில்லை, மற்றதெல்லாம் பரவாயில்லை. முருங்கை டிரம்மில் ஒடித்த இடத்தில் அதற்குள் சின்னத் துளிர்.

ஏழரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. மேரக்காய் பையிலிருந்து வெளியே வந்தது. நாக்கு இன்னும் ஒரு விரற்கடை நீண்டிருக்கிறது, நுனியில் இரண்டு சுருண்ட இலை. மாடியில் நிழல் விழும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான். அங்கே இருந்த கற்றாழையை நகர்த்திவிட்டு, பெரிய பையில் மண் கலவை நிரப்பி, காயைச் சாய்த்து, பாதி புதைத்தேன்.

காய்க்காது என்று டீச்சர் ரயிலிலேயே சொல்லிவிட்டார். பந்தலுக்குக் கயிறு வாங்க வேண்டும்.